கமிஷன் நூற்றுக்கு இருபது

அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் 'வேலை' என்று சொல்வதில்லை, 'ஸ்டார்ட்அப்' என்கிறோம். மரியாதையாக இருக்கிறது, சம்பளம்தான் இல்லை. இப்போதைய திட்டம், டெய்லர்களையும் பனியன் கம்பெனிகளையும் செல்போனில் சேர்த்துவைக்கும் ஆன்லைன் சந்தை. நான் திருப்பூர் பக்கத்து மங்கலத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன் என்பதால் என்னை ஆலோசகராகப் போட்டிருக்கிறான். அவனுக்கு என்ன சம்பளமோ அதுவே எனக்கும்.

முதலில், ஆன்லைனில் வேலையையும் ஆளையும் சேர்த்துவைக்கும் தளங்களின் வரலாறு சொன்னான். 1999இல் ஈலான்ஸ், 2003இல் ஓடெஸ்க். போட்டி போட்டு அலுத்த இரண்டும் ஒன்றாகி 2015இல் அப்வொர்க் என்று பெயர் வைத்துக்கொண்டன. 2010இல் இஸ்ரேலில் ஃபைவர், ஐந்து டாலர் வேலைகளோடு கடை திறந்தது.

"பீஸ் ரேட்தானே மாப்ள?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஆள் சேர்க்கறதுதான் மாமா கஷ்டம். டெய்லர் இல்லைன்னா கம்பெனி வராது, கம்பெனி இல்லைன்னா டெய்லர் வரமாட்டான்."

காலை எட்டு மணிக்கு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். காண்ட்ராக்டர் பைக்கை நிறுத்தாமலே, "ஓவர்லாக் ஒருத்தர், பிசிர் வெட்ட ரெண்டு பேரு" என்றார். மூன்று பேரும் டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஓடிபி வருவதற்குக்கூட இதைவிட நேரமாகும்.

"ரேட்டிங்?" என்றான் மாப்பிள்ளை. அதற்கும் அங்கேயே ஏற்பாடு உண்டு. "அந்தக் கம்பெனியா? சனிக்கிழமைச் சம்பளம் செவ்வாக்கிழமைதானுங்க வரும்" என்று ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனியின் ஐந்து நட்சத்திரத்தையும் பிடுங்கிப் போட்டார். டெய்லர்களும் தப்பவில்லை: "பையன் கை வேகமுங்க. தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்குனான்னா பொங்கலுக்குத்தான் மூஞ்சியக் காட்டுவான்."

கமிஷன் பேச்சு வந்தது. ஃபைவர் வேலை செய்பவரிடம் நூற்றுக்கு இருபது பிடிக்கிறதாம், நாமும் அதையே பிடிக்கலாமாம். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தச் சொன்னேன். கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச் 19 முதல் ஏறக்குறைய ஒரு மாதம் தறியை நிறுத்திப் போராடினோம். கிடைத்தது சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10. அதை வாங்க இவ்வளவு பாடு. இவன் பட்டனைத் தட்டி இருபதை எடுத்துக்கொள்வானாம்!

ஆனாலும் ஆப் வந்தது. அதில் ஒரு சிங்கர் டெய்லருக்கு தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு பவர் டேபிள்காரர் கிடைத்தார். முதல் நாளே இருவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். மறுவாரத்திலிருந்து ஆப் எதற்கு? கமிஷன் கேட்கப் போனவனுக்கு முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, "நல்ல ஆளைக் காட்டுனீங்க தம்பி" என்று வாழ்த்தி அனுப்பினார்.

"எஸ்க்ரோ வச்சாத்தான் மாமா நிப்பாங்க. கம்பெனி பணத்தை முன்னாடியே நம்மகிட்டக் கட்டிரும். வேலை முடிஞ்சதும் நாம டெய்லருக்குக் குடுத்துருவோம்."

தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தேன். எங்கள் தொழிலில் பாவும் ஊடு நூலும் ஜவுளிக்காரர் தருவார். துணி முதலில் போகும், கூலி பின்னால் வரும். எண்ணெய்க் கறை ஒன்று தெரிந்தால் 'டேமேஜ்' என்று அதிலும் பிடித்தம். பணம் முன்னே, துணி பின்னே என்று பேசினால் அடுத்த பாவு பக்கத்துத் தறிக்குப் போய்விடும்.

சிரித்து முடித்தபின்தான் உறைத்தது, பையன் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான். மங்கலத்தில் ஆளைத் தேட ஆப் வேண்டாம், காசு தேடத்தான் வேண்டும். நடுவில் நின்று சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூலியைக் கொடுப்பவன் இருந்தால், கமிஷனைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். சொன்னேன்.

"அப்ப கம்பெனி கட்டற வரைக்கும் நாமதான் மாமா கைக்காசு போடணும்" என்று என்னையே பார்த்தான்.

"போட்டுட்டாப் போச்சு மாப்ள," என்றேன். "எனக்கு வர வேண்டிய கூலி பாக்கி வரட்டும்."