கால்புள்ளிக்கு ஒரு கம்பெனிக் கையெழுத்து

குபர்நெட்டிஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் ஆவணப் பக்கத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறிக் கிடக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பொறியாளர் அதைச் சரிசெய்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார். நன்றி வரும் என்று பார்த்தால், வருவது ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல். ‘சிஎன்சிஎஃப்-சிஎல்ஏ: நோ’ என்று நெற்றியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறது. சிஎல்ஏ எனும் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் அவருடைய கம்பெனி இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம்.

பாட் மேல் தப்பில்லை. சம்பளத்துக்குச் செய்யும் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, முதலாளிதான் ஆசிரியர். அதனால் பதிப்புரிமை, பேட்டன்ட் இரண்டுக்குமான உரிமத்தைக் கம்பெனிதான் எழுதிக் கொடுக்க வேண்டும். கால்புள்ளி போடத் தெரிந்தவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரோ, குபர்நெட்டிஸ் என்றால் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கக்கூடியவர்.

சட்டத்துறையில் வேறு கேள்விகள்.

“இதில் நமக்கு எவ்வளவு வரும்?”

“ஒன்றும் வராது சார். சும்மா கொடுக்கிறோம்.”

“அப்படியென்றால் பேட்டன்ட்?”

“அதற்கும் சேர்த்துத்தான் சார்.”

இதற்குப் பிறகு அந்த மின்னஞ்சல் பல துறைகளுக்கு யாத்திரை கிளம்பும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

குபர்நெட்டிஸ் பயன்படுத்தும், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஈஸிசிஎல்ஏ என்ற இணையச் சேவை வழியாகப் போனால் காகிதமே வேண்டாம். அதிகாரி டாக்குசைனில் சொடுக்கினால் ஒப்பந்தம் முடிந்தது. அதோடு விட்டதா? கம்பெனி சார்பில் ஒரு சிஎல்ஏ மேனேஜர் வேண்டும். அவர் அனுமதிப் பட்டியலில் பொறியாளரைச் சேர்க்க வேண்டும். நான் இந்தக் கம்பெனி ஆள்தான் என்று பொறியாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு, திருத்தம் அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருப்பது தெரியவரும். அந்த முகவரி கிட்ஹப் கணக்கில் இல்லையென்றால் மறுபடியும் ‘நோ’.

மின்கையொப்பத்தின் ஜாதகமே அப்படி. அதற்குச் சட்ட மதிப்பு தரும் அமெரிக்கச் சட்டத்தில் 2000 ஜூன் 30 அன்று, ஃபிலடெல்ஃபியாவில், அதிபர் கிளிண்டன் ஸ்மார்ட் கார்டு செருகிக் கையொப்பமிட்டார். கடவுச்சொல் ‘படி’ (Buddy), அவர் வளர்த்த நாயின் பெயர். ஆனால் சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லையே! பேனாவாலும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இந்த வம்பில் மாட்டவில்லை. ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003-இல் வழக்குப் போட்டபின், லினக்ஸில் எந்த வரி யாருடையது என்ற கேள்வி எழுந்தது. மறு ஆண்டு அவர்கள் கண்ட தீர்வு, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று ஒரு வரி. இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவரே சொல்வதற்கு அது சாட்சி. கிட்லேபும் 2017-இல் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு இந்த வழிக்கு வந்தது.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் கதை வேறு. கம்பெனி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், கமிட்டர் (நிரலில் நேரடியாக எழுதும் உரிமை பெற்றவர்) ஆகும் ஒவ்வொருவரும் தனியாள் ஒப்பந்தமும் போட வேண்டும். கம்பெனிப் பட்டியலில் ஆள் மாறினால் அதைத் தெரிவிப்பது கம்பெனியின் பொறுப்பு. ஆனால், வேலையை விட்டுப் போகிறவரிடம் மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளும் மனிதவளத் துறைக்கு, இப்படி ஒரு பட்டியல் இருப்பதை யார் சொல்வது? புதுக் கம்பெனியில் சேர்ந்த பொறியாளர் அதற்குள் அடுத்த கால்புள்ளியைக் கண்டுபிடித்திருப்பார்.