சூட்டு வண்டிக்குத் தாத்தா சொல்லும் வைத்தியம்

வாலே பேராண்டி, இப்படி வேம்படி நெழல்ல உக்காரு. பழைய மாருதி வேன் ஒண்ணு வாங்கி, பின் சீட்டையெல்லாம் கழத்திட்டு மெத்தை போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தச்சு வச்சிருக்கியாம். அக்னி நட்சத்திரத்துல கோவில்பட்டியில கெளம்பி, வழியெல்லாம் வண்டிக்குள்ளயே படுத்து எந்திரிச்சு, கொடைக்கானல் போகப்போறியாம். ஒங்க ஆச்சி பெருமை பேசிக்கிட்டு அலையுதா. இங்க நாலு ரூமு வீடு படுக்க ஆளில்லாம கெடக்கு, நீ தகரத்துக்குள்ள படுக்கதுக்குப் பெட்ரோல் ஊத்துதே. நல்லா இரு.

வாங்குனதுதான் வாங்குன, அதோட ஜாதகத்தையாவது பாத்தியா? 1984-ல வந்த மாடல் அது. ஆம்னின்னு பேரு வச்சதெல்லாம் பெறகு. 2019-ல செஞ்சவனே போதும்டா சாமின்னு நிறுத்திட்டான். மூணு சிலிண்டரு, 796 சிசி. அந்த இஞ்சின் எங்க இருக்குன்னு நெனைக்கே? நீ உக்காருற சீட்டுக்கு நேர் கீழ. எரியுற அடுப்பு மேல பலகையப் போட்டு ஏறி உக்காந்துக்கிட்டு, “தாத்தா, உள்ள ஏன் இம்புட்டு அனலடிக்கு”ன்னு கேக்கியே, ஒன்னைய எந்தக் காலேஜ்லலே படிக்க வச்சான் ஒங்கப்பன்?

சீட்டைத் தூக்கி இஞ்சின் மூடியப் பாரு. சுத்தி ஒரு ரப்பர் பட்டை ஓடணும், அடியில அனல் தாங்குற விரிப்பு ஒட்டியிருக்கணும். வயசான வண்டியில ரெண்டும் நைஞ்சு நாராயிருக்கும். அந்தச் சந்து வழியாத்தான் அனலும் ஏறுது, புகையும் ஏறுது. நீ அதை மாத்த மாட்டே. போன்ல விதவிதமா விசிறி தேடுவே.

அடுத்தது ரேடியேட்டர். நம்ம ஊரு போர் தண்ணியில பருப்பு வேகாதுன்னு ஒங்க ஆச்சி அம்பது வருஷமா பொலம்புதா. அந்தத் தண்ணியத்தான் நீ பாட்டில்ல புடிச்சு ரேடியேட்டர்ல ஊத்துதே. உள்ளுக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சு குழாயெல்லாம் அடைச்சுக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, அம்புட்டுதான் கணக்கு. மேல ஒரு மூடி இருக்கு பாரு, அதை வெறும் மூடின்னு நெனைச்சிராத. அதுதான் உள்ள அழுத்தத்தைப் புடிச்சு வைக்கிது. அழுத்தம் இருந்தா நூறு டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காது. மூடியில ரப்பர் செத்துட்டா முன்னாடியே கொதிச்சு வழியும். ரேடியேட்டரே போச்சுன்னு யாராவது சொன்னா, முதல்ல மூடிய மாத்திப் பாரு. முன்பக்கம் செத்த பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கும், பின்னாலயிருந்து முன்னால தண்ணி அடிச்சுக் கழுவு. ஃபேன் தானா சுத்துதான்னும் பாத்துக்கோ. இன்னொண்ணு, சூடாகுதுன்னு சொன்னதும் தெர்மோஸ்டாட்டைக் கழத்தித் தூரப் போடுற மகராசன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். அவன் கையில வண்டியக் குடுத்திராத.

சூடு காட்டுற முள்ளு ஏறிச்சுன்னா ஏசிய அணைச்சிட்டு ஓரங்கட்டு. ஹீட்டர் இருந்தா முழுசாத் திருப்பி விடு. சிரிக்காதலே. இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் அது வழியா இறக்கிவிடலாம், நீதான் வேகுவே, இஞ்சின் பொழைச்சுக்கும். ரேடியேட்டர் மூடியத் தெறந்தியோ மூஞ்சி வெந்துரும். பச்சைத் தண்ணிய இஞ்சின் மேல ஊத்தினியோ, விரிசல் விட்டுரும். அரை மணி நேரம் சும்மா இரு. ஒங்க தலைமுறைக்கு அதுதான் கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு உள்பக்கமா மினுமினுப்பு அட்டை வச்சிருக்கியே, தப்பில்ல. ஆனா வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தப்பெறகு அதை வெரட்டிக்கிட்டுக் கெடக்க. வெளிப்பக்கமா ஒரு வெள்ளைத் துணியக் கட்டினா வாசலோடயே நின்னுரும். பூட்டி வெயில்ல நிறுத்துன வண்டி ஒரு மணி நேரத்துல வெளிச் சூட்டவிட இருவது டிகிரிக்கு மேலயும் ஏறிரும். ஜன்னலை ரெண்டு விரக்கடை எறக்கி வச்சாலும் பெருசாக் கொறையாது. கறுப்பு பிலிம் ஒட்டலாம்னு பாக்கியா? 2012-லயே உச்ச நீதிமன்றம் வேண்டாம்னுட்டு. கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடி, நல்லதுதான். வண்டி நெறத்தையே மாத்தினா ஆர்.சி. புக்குலயும் மாத்தணும். மேல சோலார் தகடு வச்சா, கூரைக்கும் தகட்டுக்கும் நடுவுல காத்து ஓட எடம் விடு. கரன்டும் வரும், நெழலும் வரும்.

எல்லாத்தையும்விடப் பெரிய ஏசி ஒண்ணு இருக்கு, சல்லிக் காசு செலவில்ல. காலையில மூணு மணிக்குக் கெளம்பு. பத்துக்குள்ள ஒரு மரத்தடியப் பாத்து நிறுத்து. சாயங்காலம் வெயில் தாழ மறுபடி எடு. அந்தக் காலத்துல பருத்தி ஏத்துன மாட்டு வண்டியெல்லாம் அடியில லாந்தரைத் தொங்கவிட்டுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியாத்தான் போகும். மாட்டுக்கு இருந்த அந்த மருவாதி ஒன் வண்டிக்கு இல்ல. நீ ஒம்போதுக்கு எந்திரிச்சு, இட்லிய போட்டோ எடுத்துத் தின்னு, பதினொண்ணுக்குச் சாவியத் தேடுவே.

மரத்தடின்னு சொல்லிட்டேன், அதுக்கு எங்க போவே? திருமங்கலம் வரைக்கும் ரெண்டு பக்கமும் புளியமரம் பந்தல் போட்டு நின்ன ரோடு அது. நாலு வழி போடுதோம்னு வெட்டிட்டு நடுவுல அரளி நட்டு வச்சிருக்கான். அரளி நெழல்ல கோழிக்குஞ்சு கூட ஒதுங்காது. அதனால பழைய ஊருக்குள்ள போற ரோட்டுல எறங்கு, கம்மாக்கரைப் பக்கம் மரம் கெடைக்கும். நிறுத்தினா நெழல் பக்கம் கீழ ஒரு ஜன்னலும், எதிர்ப் பக்கம் மேல ஒரு வழியும் தெறந்து வை. வெறும் விசிறி உள்ள இருக்குற அனலையே சுத்திச் சுத்தி அடிக்கும். வெட்டிவேர்த் தட்டிய நனைச்சுக் கட்டு, கரிசக் காட்டு வறண்ட காத்துக்குச் சொர்க்கமா இருக்கும். தூத்துக்குடி பக்கம் போயிக் கட்டினா புழுக்கத்துலயே செத்துருவே. ஈரக் காத்துல தண்ணி லேசுல ஆவியாகாது.

இப்பச் சொல்லுதது வெளையாட்டு இல்ல. ராத்திரி புழுங்குதுன்னு இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கிராத. ஜெனரேட்டரையும் வண்டிக்குள்ளயோ பக்கத்துலயோ ஓட்டாத. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரா பக்கம் ரோட்டோரம் நின்ன கேரவன்ல ரெண்டு பேரு புகையில செத்துக் கெடந்தாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது. வேர்த்தாலும் பரவாயில்ல, ஜன்னலைத் தெறந்து கொசுவலை கட்டிப் படு.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறப்போ ஏசி வேண்டாம், சின்னக் கியர்ல மெதுவா ஏறு. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரி போலக் கொறையும், கொடைக்கானல் ரெண்டாயிரத்துக்கும் மேல, தானாக் குளிரும். எறங்கும்போது ஏறின கியர்லயே எறங்கு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அது சூடாகிப் புடிக்காமப் போயிரும். பெறகு, 2024 மே மாசத்துலயிருந்து மேல போக இ-பாஸ் வேணும். குளுந்த காத்துக்கும் சீட்டு வாங்குற காலமாப் போச்சு. அதை இன்னைக்கே எடுத்துரு. அங்க வரிசையில நின்னுக்கிட்டு எனக்கு போன் போடாத, மதியம் நான் தூங்கிட்டிருப்பேன்.