முழங்கால் மட்டும்: சிம்மக்கல்லார் கடல் புகும் முறைமை

மதுரை மாநகரின் வடபால், வைகையின் தென்கரையை ஒட்டி, கற்சிங்கம் ஒன்றினால் பெயர்பெற்று விளங்கும் சிம்மக்கல்லின் வாசிகள், கோடை விடுமுறையில் குடும்ப சமேதராய்ப் புறப்பட்டு, மானாமதுரையையும் பரமக்குடியையும் வெயிலோடு கடந்து, தேவிபட்டினம், அரியமான், ராமேசுவரம், தனுஷ்கோடி முதலிய கடற்கரைகளை அடைந்தபின், அத்தனை பிரயாசைப்பட்டுக் காணவந்த சமுத்திரத்தினுள் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை என்பது எவராலும் மறுக்கவொண்ணாத பிரத்யட்சம். இதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கிரியையின் லட்சணம். கரை சேர்ந்ததும் பெரியவர் ஒருவர், பெரும்பாலும் சித்தப்பா, செருப்புகளுக்கும் புளியோதரைத் தூக்குக்கும் காவலாக மணலில் அமர்த்தப்படுகிறார். இப்பதவி பரம்பரைப் பாத்தியதை அன்றெனினும், ஒருமுறை ஏற்றவரை அதனின்றும் விடுவிக்கும் வழக்கம் இல்லை. ஏனையோர் வேட்டியை மடித்துக் கட்டியும், கால்சட்டையைச் சுருட்டியும், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியும், கைகோத்து வரிசையாக நீரினுள் செல்கின்றனர். அலை வரும்போது அவர்கள் பின்வாங்குவதில்லை. நின்ற இடத்திலேயே மேல்நோக்கிக் குதிக்கின்றனர். குதித்தவர் வந்து விழுவதும் அதே அலைக்குள்தான் என்பதை நோக்குமிடத்து, இதனால் விளையும் பிரயோஜனம் யாதென்று எவ்வளவு சிந்தித்தும் புலப்படவில்லை.

இனிப் பூர்வபட்சம். பர்வ தினங்களல்லாத நாளில் கடலைத் தீண்டலாகாது என்னும் சாஸ்திர விதிக்கு அஞ்சியே இவர்கள் தயங்குகின்றனர் என்பர் சிலர். சேது ஸ்நானத்திற்கு அந்த விதி இல்லையென்று அதே சாஸ்திரம் விலக்களித்திருப்பதால் இவ்வாதம் நில்லாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ஊரும், பிரயாணிகளோடு ரயிலும் கடலுக்கு இரையானதை எண்ணியே அஞ்சுகின்றனர் என்பாரும் உளர். அத்துயரம் பெரிது, ஆயினும், பெரும்பாலும் ஏரிபோல் அசையாது கிடக்கும் அரியமான் கடலிலும் இவர்களுடைய முழங்கால் அதே அளவில் நின்றுவிடுவதால், அதனையும் காரணமாகக் கொள்ள இயலவில்லை.

சித்தாந்தம் யாதெனில், சிம்மக்கல்லார் தண்ணீர் என்னும் பதார்த்தத்தை அறிந்தது யானைக்கல் அருகே வைகையில். 1959-இல் வைகை அணை எழுந்தபின், திறந்துவிட்டாலன்றி ஆற்றில் நீர்வரவு அரிதாயிற்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குதற்பொருட்டு விடப்படும் தண்ணீரே ஊராருக்கு வெள்ளம். கணுக்காலளவு புனல் கண்டால் மகிழ்ச்சியும், முழங்காலளவு கண்டால் பரவசமும் எய்தப் பழகிய தேகத்துக்கு அதற்கு மேற்பட்ட நீர் அனாவசியமாகத் தோன்றுவது இயல்பே. அன்றியும், வைகையே அப்படித்தான் நடந்துகொள்கிறது. மதுரையிலிருந்து அத்தனை தூரம் ஓடிச்சென்று, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் புகுந்து, எஞ்சிய நீர் இருந்தால் மாத்திரமே ஆற்றங்கரை என்னும் கடலோரச் சிற்றூரருகே பாக் விரிகுடாவைத் தொடுகிறது. ஆறே கடலைக் கண்டு தயங்கும்போது, அதன் கரையில் பிறந்தவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது.

அவ்வூருக்கு அயலான அழகன்குளத்தில் அகழ்ந்தபோது ரோமானிய மட்கலங்களும் காசுகளும் கிடைத்தனவே, பாண்டிநாட்டார் கடலுக்கு அந்நியரா என்று ஆட்சேபிக்கலாம். கலத்தில் வந்த சரக்கைக் கரையில் நின்று வாங்கிக்கொண்டவருக்கு நீந்தத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை என்பதே நம் சமாதானம்.

எனினும் எந்தக் கடலில் நிற்பது என்னும் விசாரத்தில் மட்டும் இவர்கள் கரைவாசிகளின் சொல்லை ஆப்தவாக்கியமாகக் கொள்கின்றனர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின், இருபுறமும் கடலைக் கண்டு திகைத்து நிற்கும் குடும்பத்தலைவரிடம், சங்கு விற்பவர், "அண்ணே, இது பெண் கடல், சாந்தமா கெடக்கும், அந்தப் பக்கம் ஆண் கடல், ஆளை இழுத்துரும்" என்கிறார். தென்கடல் கொந்தளிப்பது கச்சான் காற்று வீசும் மாதங்களில், வடகடல் கொந்தளிப்பது வாடைக் காலத்தில் என்னும் நுட்பத்தை மீனவர் நன்கறிவர். விடுமுறைக்கு வந்தவர் அதை விசாரிப்பதில்லை. அவர் சாந்தமான கடலிலும் முழங்காலோடு நிற்கிறார்.

நம் சித்தாந்தத்துக்கு உபத்திரவம் விளைப்பவர் அப்பத்தா ஒருவரே. ராமேசுவரத்து அக்னி தீர்த்தக் கடலில் எவருடைய கையையும் பற்றாமல் இறங்கி, மூக்கைப் பிடித்து, தலைமுழுக மும்முறை மூழ்கி எழுகின்றார். அவரும் சிம்மக்கல்லில் பிறந்து அதே ஆற்றைக் கண்டு வளர்ந்தவர்தானே என்று பிரதிவாதி களிப்படையலாம். அப்பத்தா பிறந்தது அணைக்கு முன்னர். இதனை மேலும் உறுதிசெய்யும்பொருட்டு, அந்நாளில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடிற்றென்று வினவியதற்கு, இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் கூட்டம் சேர்ந்துவிடும், சித்தப்பாவை எழுப்பு என்று சொல்லி ஈரப்புடவையோடு கோயிலை நோக்கிப் போய்விட்டார்.