உராய்வு என்றொரு குற்றவாளி

விருதுநகர் மாவட்டத்தில் போலீஸ் இதுவரை பிடிக்காத கொலைகாரர் ஒருவர் உண்டு. பெயர் உராய்வு. பட்டாசு ஆலை எது வெடித்தாலும் மறுநாள் பேப்பரில் பெரும்பாலும் அவர்தான்: 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு'. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரைத் திணித்தது அவர். லைசென்ஸை ஒருவர் பெயரில் வைத்துக்கொண்டு, அறை அறையாக உள்குத்தகைக்குக் கூறுபோட்டதும் அவர். 2012 செப்டம்பர் 5 அன்று வெடித்த முதலிப்பட்டி ஆலையில், உரிமத்தை நிறுத்திவைத்த பிறகும் மருந்து கலக்கச் சொன்னதும் அவராகத்தான் இருக்கும். முதலாளிகள் பாவம், வெடிக்கிற அன்றைக்கென்று வெளியூர் போய்விடுகிறார்கள். போர்மேன் இருப்பார், அவரைப் போலீஸ் கூட்டிப்போகும்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீட்டுக் கணக்குப் போட்டது. உயிருக்கு 20 லட்சம். உடம்பு பாதிக்கு மேல் வெந்திருந்தால் 15. கால்வாசிக்கு மேலென்றால் 10. அப்புறம் 5, 2. அதுவாவது போட்டார்களே. ஆனால் அளவுகோல் தோலுக்குத்தான். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து, காலையில் கஞ்சி பகிர்ந்துகொண்டவளின் கையை மட்டும் பொறுக்கி எடுத்தவளுக்கு எத்தனை சதவீதம்? வெந்தது பூஜ்யம். ஆகவே அவள் நல்ல சுகம்.

நல்ல சுகமாக இருக்கிறவளைக் கூட்டிப்போக ஆலங்குளத்துக்குக் கருக்கலிலேயே வேன் வந்துவிடும். அந்த ஆலைக்குச் சீல் வைத்தால் என்ன, வேறு ஆலை இல்லையா?

"ஏத்தா, முன்பணம் வாங்குனது ஞாபகம் இருக்குல்ல? நீ பயந்தா தீவாளி நின்னுருமா?"

குக்கர் விசிலடித்தாலே உடம்பு உதறுது அண்ணாச்சி என்பாள். அண்ணாச்சி மனசுள்ளவர், ரெண்டு நாள் லீவு கொடுப்பார். பீஸ் ரேட்காரிக்கு லீவு கொடுக்க அவருக்கு ஒரு பைசா செலவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்ளவும் சொல்வார். மனநல மருத்துவரா? கயிறு பத்து ரூபாய்தானே. அதையும் அவளே கொடுத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் பாதுகாப்புப் பயிற்சி. செருப்பைக் கழற்று, பதறாதே, கை நிதானமாக இருக்கட்டும், கை நடுங்கினால் உராய்வு வரும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கோடு கோணலாக விழும்.

புதுப் போர்மேன் அதைப் பார்த்துவைத்துக்கொள்வார். அடுத்த எஃப்.ஐ.ஆரில் உராய்வுக்கு ஒரு கூட்டாளி வேண்டுமே: 'தொழிலாளியின் கவனக்குறைவு'.