இரண்டு மில்லிமீட்டர் பேதம்

டன்லப் துரை 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குப் பேட்டண்ட் வாங்கிய நாள்முதல், அக்காற்று எந்த வழியாக உட்புகவேண்டும் என்ற விஷயத்தில் உலகம் ஒருமனப்பட்டதில்லை. நாமக்கல்லையும் தன்னுள் அடக்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில், வால்டியூப் மாட்டிய சைக்கிள் வால்வும், லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய ஷ்ரேடரும் சமாதானமாக வாழ்ந்துவர, எட்டு மில்லிமீட்டர் துளையே சைக்கிள் ரிம்முக்குப் போதுமானதாயிருந்தது.

என் தங்கை மகன் வாங்கிய பந்தயச் சைக்கிளிலோ, ஆறு மில்லிமீட்டர் துவாரத்தில் பிரஸ்டா என்னும் பிரெஞ்சு தேசத்து ஒல்லி வால்வு அமர்ந்திருந்தது. லாரி டயரையே நிமிரவைக்கும் நாமக்கல் பஞ்சர் கடைக் குழாய் அதன் தலையில் உட்கார மறுத்துவிட்டது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாரததேசமெங்கும் போய்ப் பூமியை ஆயிரம் அடி துளைத்துவரும் சீமையில், இரண்டு மில்லிமீட்டர் ஒரு பிரமாதமா? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி ஒருவர், டயரையும் டியூபையும் கழற்றி, ரிம்மைக் குழந்தைபோல் மடியில் கிடத்தி, டிரில்லை ஓட்டி, டியூபைக் கிழிக்காதிருக்கும்பொருட்டு உருட்டு அரத்தால் பிசிறையும் ராவினார். ஒடுங்கிய ரிம்மில் துளையை அகலப்படுத்துவது அதன் பலத்துக்கு க்ஷேமமல்லவே என்று நான் ஆக்ஷேபித்தேன்.

"இதுல என்னங்க, அஞ்சு டன்னா ஏத்தப்போறீங்க?" என்றார்.

புது டியூப் மாட்டிக் காற்றும் அடித்தாயிற்று. வீட்டுக்கு வந்து, சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தபோது, பிரஸ்டாவின் தலையில் திருகிவிட்டால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்க உதவும் சிறு பித்தளைக் குமிழ் ஒன்று, சுவரோரமாக உருண்டு போயிற்று.