தறிக்குடோன் நடையும் ரக்பி ஓட்டமும்

விசைத்தறிக் குடோனில் பகலெல்லாம் நடையாய் நடக்கும் எங்களூர்த் தொழிலாளி, 80 நிமிஷம் ரக்பி ஆடமாட்டாரா? (வாசகர், வெள்ளகோவில்)

நடையில் அவரை ஜெயிப்பார் இல்லை. ஆனால் தறி என்றேனும் எதிரே ஓடிவந்து அவரை இடுப்பில் கட்டிக் கீழே சாய்த்ததுண்டா? ரக்பி வீரர் ஓர் ஆட்டத்தில் கடப்பது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே எனினும், இருபது மீட்டர் பாய்ந்து, மோதி, மண்ணில் விழுந்து, மூச்சு அடங்குமுன் எழுந்து மீண்டும் பாய்கிற கணங்களே தேகத்தைப் பரீட்சிக்கின்றன. ஆதலால் நெடுந்தூர ஓட்டத்தை மட்டுமே அப்பியாசமாகக் கொண்டவர் பத்தாம் நிமிஷத்திலேயே தவித்துப்போவார். பாய்தல், விழுதல், எழுதல், சிறிதே இளைப்பாறல் என்று மாறிமாறிப் பழகியவரே நிலைப்பார்.

அந்த ஆட்டத்துக்கும் நம் தேசத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளிச் சம்பந்தம்! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிடும் கல்கத்தாக் கோப்பை, கலைந்துபோன கல்கத்தா சங்கம் ஒன்றின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்யப்பட்டது. அதன் கைப்பிடிகள் மூன்று நாகங்கள், மூடியின்மேல் ஒரு யானை.

எழுவர் ரக்பி 14 நிமிஷந்தானே, சுலபமன்றோ?

முப்பது பேர் பங்கிட்டு ஓடுகிற அதே மைதானத்தைப் பதினான்கு பேர் ஓடித் தீர்ப்பது எப்படிச் சுலபமாகும்? 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் அவ்வாட்டத்தில் தங்கம் வென்ற பிஜித் தீவினர் மணற்குன்றுகளில் ஏறியோடிப் பழகியவர்கள். ஐயமிருப்பின், அமராவதி ஆற்று மணலில் ஐம்பது மீட்டர் பாய்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.