தட்டிப் பார்ப்பவர்

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் குப்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். சொந்தமாகப் படகு கிடையாது. ஆனால் அவர் தட்டிப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு படகும் கை மாறாது. அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. டீக்கடையில் நின்று, "ஒரு போட்டு பாக்கலாம்னு இருக்கேன்" என்று காதில் விழும்படி சொன்னால் போதும். பாதி வடையோடு எழுந்து வந்துவிடுவார்.

முதல் படகு வாங்குகிறவன் பெரும்பாலும் இளவட்டம். அடுத்தவன் படகில் பங்குக்குப் போய்ப் போய் அலுத்து, நாமும் ஒருநாள் ஓனர் ஆகணும் என்று கிளம்பியவன். அவன் கண்ணில் முதலில் படுவது பெயின்ட்தான். அணியத்தில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு மகள் பெயரை எந்தக் கலரில் எழுதலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்.

விற்கிறவனிடம் நலம் விசாரிக்கும் முன்பே கை என்ஜினைத் தொடும். "என்ன தம்பி, நாங்க வர்றதுக்குள்ள கடலுக்குப் போயிட்டு வந்துட்டியா? சுடுதே?" முரண்டு பிடிக்கிற என்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பது பழைய தந்திரம். ஆறட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணு என்பார். அது ஆறுகிறவரை டீ, விற்கிறவன் செலவில்.

அடுத்தது உடம்பு. இடுப்பு மடிப்பிலிருந்து பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்று வெளியே வரும். அணியத்தில் தொடங்கிப் பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே போவார். கணீர் என்றால் ஒன்றும் பேச மாட்டார். தொப்பென்றால் நிற்பார், காதை வைப்பார், வாங்குகிறவனையும் காதை வைக்கச் சொல்வார். ஃபைபர் அடுக்குகள் உள்ளே விட்டுப்போயிருந்தால் சத்தம் செத்துவிடும். என்ஜின் உட்காரும் இடத்தில் பொதிந்திருக்கும் மரம் தண்ணீர் குடித்து ஊறியிருந்தாலும் அப்படித்தான். ஊறின படகு கனக்கும். கனக்கிற படகு டீசலைக் குடிக்கும். பளபளவென்று ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், "இங்க என்ன மோதிச்சு?" என்பார். எதுவுமே மோதவில்லை என்று எந்த விற்பவனும் உடனே சொன்னதில்லை.

எந்தப் படகையும் மட்டம் தட்ட அவரிடம் ஒரு வசவு உண்டு: "சுனாமி போட்டு". 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கட்டுமரம் போன கரைகளில் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவசரத்தில் மெல்லிசாக வார்த்தவையும் அவற்றில் இருந்தன. போன வருஷம் செய்த படகானாலும் இவர் வாயில் அது சுனாமி போட்டுதான். சொல் விழுந்ததும் விலை ஐயாயிரம் இறங்கும்.

விற்கிறவன் விடுவானா? "ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை மாமா. அந்த நேரத்துல ஃபைபர்தான் ராஜா" என்று ஆசை காட்டுவான். "ராஜாவோட புக்கைக் காட்டு" என்பார் பெரியவர். மீன்வளத் துறைப் பதிவு எண் படகிலும் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கிறதா, பெயர் யாருடையது என்று பார்ப்பார். பெயர் மாறாவிட்டால் வரியில்லா டீசலுக்கு அலைய வேண்டும்.

"இது யாரு?"

"எங்கப்பா. செத்து நாலு வருஷம் ஆச்சு."

"சரி, அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஒரு படகு வாங்கவில்லை? "நமக்கு ஏத்த போட்டை எவனும் இன்னும் வார்க்கலையே" என்பார். தரகு இரண்டு பக்கமும் உண்டு. விற்கிறவன் அவரை வலைக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், முன்பு தொப்பென்ற அதே இடம் இப்போது கணீர் என்னும்.

எல்லாம் முடிந்து கை குலுக்கும் நேரத்தில், மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாங்குகிற பையனின் அம்மா கேட்பாள்: "பணம் யாரு குடுக்குறா?"

"மீன் யாபாரி முன்பணம் தர்றாரும்மா. வட்டியே இல்ல."

வட்டி இல்லைதான். கடன் தீருகிறவரை பிடிக்கிற மீனையெல்லாம் அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. கரையில் கூடை சுமந்த அவளுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி.

"அப்ப போட்டு யாருது அண்ணே?"

பெரியவர் காசை இடுப்பில் செருகிக்கொள்வார். "நான் போட்டைத்தான் தட்டிப் பாப்பேன் தங்கச்சி. யாபாரியைத் தட்டிப் பாக்க நம்மகிட்ட காசு ஏது?"

நல்ல நாள் பார்த்து வெள்ளோட்டம் நடக்கும். என்ஜின் நின்றால் "அன்னைக்கே சொன்னேன்" என்பார். ஓடினால் "நான் பாத்துக் குடுத்த போட்டு" என்பார். முதல் மீன்பாட்டில் கிடைத்த வஞ்சிரம் முழுவதும் வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போகும். பார்த்துக் கொடுத்த பாசத்துக்கு இரண்டு பாறை பெரியவர் பைக்குள் போகும். பையன் வீட்டுக் குழம்புக்குக் காரப்பொடி மீன் மிஞ்சும். என்ன இருந்தாலும் அவன்தானே ஓனர்!